அரிசி வேகாத ஊர்

லடாக் மலை முகாம்
அக்டோபர் 4

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

கொளஞ்சி எழுதுவது. நான் நலம். நீயும் நம் வினோதினியும் நலமாக இருக்க வேண்டுமென்று சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே டவர் கிடையாது. அதனால்தான் கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உனக்குக் கடிதம். சரக்கு லாரிக்காரர்கள் கீழே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறார்கள்.

சாலை போடும் வேலை. கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் மண் அள்ளிய அதே மாதிரி ஜேசிபிதான், இங்கே பாறை அள்ளுகிறேன். நேற்று விடிந்ததும் வெளியே வந்தால் வண்டியைக் காணவில்லை. மூன்று அடிக்குப் பனி. பார்த்த இடமெல்லாம் வெள்ளை. மழை என்றால் சத்தம் கேட்கும் மலரு. இது ராத்திரி முழுக்க விழுந்திருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சோறுதான் பிரச்சினை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகமாட்டேன் என்கிறது. நறுக்கரிசியாகத்தான் தின்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்பார்வையாளர் வானிலை அறிக்கையை வாசித்தார். மலையில் இந்த வருஷம் குளிர் முந்திக்கொள்ளுமாம். நவம்பர் முடிவதற்குள் கணவாய் மூடிவிடும் என்கிறார்கள். அப்புறம் வைகாசி வரை ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கடைசி லாரியில் போகிறவர்கள் போகலாம், மற்றவர்கள் இங்கேயே இருக்க வேண்டியதுதான். நீ ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுது, இறங்கிவிடுகிறேன். எழுதாவிட்டால் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்கு முகமில்லை.

உன்
கொளஞ்சி

*

அண்ணாமலை நகர்
அக்டோபர் 16

மாமாவுக்கு மலர்க்கொடி எழுதியது.

கடிதம் வந்தது. நாங்கள் நலம். லாட்ஜில் சமையல் வேலை போய்க்கொண்டிருக்கிறது.

பனியைப் போய் அடிக்கணக்கில் அளப்பார்களா? நம் ஊரில் மார்கழிப் பனி புல் நுனியில் நிற்கும், தலையில் துண்டைக் கட்டினால் தீர்ந்தது. உங்கள் ஊரில் அது ஜேசிபியை விழுங்குகிறதாக்கும். சரி, அதையாவது விட்டுவிடலாம். தினமும் உலை வைக்கிறவள் நான். தண்ணீர் கொதித்தும் அரிசி வேகாத கதையை என்னிடமே சொல்கிறீர்களே. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

சுரங்கத்தில் ஒப்பந்த வேலை முடிந்த பிறகும் மூன்று மாதம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, “இன்னிக்கு வேல ஜாஸ்தி மலரு, இடுப்பு ஒடியுது” என்றீர்கள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். வேலை போனதற்கு நான் அழவில்லை மாமா. தைலம் தேய்த்ததை நினைத்துத்தான் அழுதேன்.

இப்போது கணவாய் மூடுமாம், வைகாசியில் திறக்குமாம். வராமல் இருக்க இப்படியும் ஒரு சாக்கு. அந்த வார்த்தையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அப்பா பனியில் விளையாடினாரா என்று பாப்பா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

மலர்க்கொடி

*

மலை முகாம்
அக்டோபர் 29

அன்புள்ள மலருக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கோபப்பட்டது நியாயம். சத்தியம் செய்யலாமென்றால் என் சத்தியம் உன்னிடம் செல்லாது. அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முந்தாநாள் எதிர்மலையில் பனி சரிந்தது. முதலில் கண்ணுக்குத்தான் தெரிந்தது, பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. மலையே எழுந்து நடந்த மாதிரி இருந்தது. எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு நின்றோம். பயமென்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரியது ஒன்று உலகத்தில் இருக்கும்போது நான் எதற்காக அத்தனை பொய் சொன்னேன் என்று தோன்றியது. பாப்பாவிடம் சொல், விளையாட எனக்குத் துணிச்சல் வரவில்லை என்று.

தெற்கே கடலோரச் சமவெளியில் மழை ஜாஸ்தி என்றும் அறிக்கையில் இருந்ததாம். வெள்ளாறு பெருகினால் பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பாதே.

நீ கூப்பிடாததால் இங்கேயே தங்குகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். கடைசி லாரி நவம்பர் இருபதுக்கு மேல்தான் இறங்கும் என்கிறார்கள். வானம் விட்டால் அதுவரை உன் பதில் வந்துசேர வழி இருக்கிறது. பெயரை அடித்துவிட ஒரு நிமிஷம் போதும்.

உன்
கொளஞ்சி

*

அண்ணாமலை நகர்
நவம்பர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே மழை விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், நேற்று வரை தபால்காரர் வரவே இல்லை. பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, லாட்ஜுக்கு என்கூடவே கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறேன். இன்று காலை இரண்டு பேரும் மாடியில் நின்று பார்த்தோம். வயலும் வானமும் ஒன்றாகக் கிடக்கின்றன, கரை எது என்று தெரியவில்லை. நீங்கள் வண்டியை அணைத்துவிட்டு நின்றதாக எழுதியது எனக்கு அப்போது விளங்கியது.

லாட்ஜில் தங்கிப் படிக்கும் பிரிசில்லா என்ற பெண்ணிடம், உங்கள் அரிசிக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நேற்று போனேன். அவள் சிரிக்கவில்லை. “அக்கா, அவ்ளோ ஒசரத்துல காத்து கம்மி. தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், ஆனா சூடு பத்தாது. குக்கர் இல்லன்னா அரிசி வேகாதுக்கா” என்றாள். கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக உலை வைக்கிறேன், தண்ணீர் கொதிப்பதில் இப்படி ஒரு சங்கதி இருப்பது எனக்குத் தெரியவில்லை.

பிறகு போனில் படம் காட்டினாள். பனியை வெட்டி நடுவில் வழி விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பஸ்ஸைவிட உயரமாகப் பனிச் சுவர். “அப்பா இதுக்குள்ளயா இருக்காங்க?” என்று பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரிசில்லா அறிக்கையையும் தேடிப் படித்தாள். சொன்னதற்கும் முன்பாகவே பனி கொட்டி, போன வாரமே கணவாயை மூடிவிட்டார்களாம். தபால் ஆபீசில் கேட்டேன். கடிதம் மலையடிவாரம் வரை போகும், மேலே ஏறுவது வழி திறந்த பிறகுதான் என்றார்கள். நீங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னபோது பார்த்தா நான் நம்பாமல் போக வேண்டும்? குக்கரில் வைத்துச் சாப்பிடுங்கள் என்று எழுதக் கை வருகிறது. எழுதி என்ன பயன்? நீங்கள் படிக்கும்போது அந்தக் குளிரே போயிருக்கும்.

வாங்க மாமா. வழி திறந்ததும் வாங்க. இது உங்கள் கைக்கு வரும்போது இங்கே கத்திரி வெயில் அடிக்கும். வழி திறக்கட்டும் என்று காத்திருந்து கூப்பிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். நவம்பரிலேயே கூப்பிட்டுவிட்டேன். நம்பிக்கை வராவிட்டால் உறைமேல் இருக்கும் தபால் முத்திரையைப் பாருங்கள்.

உங்கள்
மலர்க்கொடி