மறுபரிசீலனை செய்தேன் என்று சொன்ன பொய்

அன்புத் தங்கச்சி ஜெஸி,

கச்சிபௌலி ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. உன் இருக்கையில் இப்போது ஸ்ரவந்தி என்ற தெலுங்குப் பெண். நீ 'நக்கோ அண்ணே, வேண்டாம்' என்று தள்ளிவிடும் என் முட்டைக்கோஸ் பொரியலை அவளும் தொடுவதில்லை.

போன வாரம் அவள் மூன்று மாதம் ஊரிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டாள். முடியாது என்றேன். மறுபரிசீலனை செய்யச் சொல்லி மறுபடி எழுதினாள். பதிலுக்குப் பழைய வாசகத்தையே எடுத்து ஒட்டிவிடலாம் என்று என் அஞ்சல்களைத் தேடினேன். உனக்கு அனுப்பியது வந்தது. 'உங்கள் கோரிக்கையை மறுபரிசீலனை செய்தோம். முடிவில் மாற்றமில்லை.'

கம்பெனி பஸ் நெரிசலில் நின்றபோது போனில் தட்டிய பதில் அது. மறுநாள் கேன்டீனில் நீ கேட்டாய்: "அண்ணே, நெசமாவே யோசிச்சுப் பாத்தியளா?"

"பாத்தேம்மா" என்றேன்.

பார்க்கவில்லை ஜெஸி. உன் இரண்டு பக்கக் கடிதத்தை நான் திறக்கவே இல்லை. போன வாரம்தான் திறந்தேன். எந்த வேலையை யார் பார்ப்பார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தாய். கடைசியில், 'முடியாதென்றாலும் பரவாயில்லை, ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.' எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் யாரும் மறுபரிசீலனை என்று பேசுவதில்லை. 'இன்னொரு தடவை யோசிச்சுப் பாரேன்' என்போம். காகிதத்துக்கு வந்ததும் பெரிய வார்த்தை போட்டுக்கொள்கிறோம், யோசிப்பதை விட்டுவிடுகிறோம். மறுபரிசீலனை என்றால் மனம் மாற வேண்டும் என்று பொருளில்லை. முடிவு அப்படியே நிற்கலாம். ஆனால் முதல் தடவை பார்ப்பதுபோல் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஸ்ரவந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். கேட்டதில் பாதிதான் கொடுக்க முடிந்தது.

நீ அம்மாவோடு இருக்க ஆறு மாதம் கேட்டாய். அடுத்த வருடம் நோயோடு நாகர்கோவில் போனபின் நீ உயிரோடு இருந்தது மூன்று வாரம்தான். இதை எப்படித் தாங்கினாய்?

உன் அம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் போனில் என்னை மகனாகவே கூப்பிட்டுப் பேசுவார். "மக்களே, நீங்க ரெண்டு தடவ யோசிச்சும் ஆபீஸ்ல ஒண்ணும் நடக்கலேன்னு ஜெஸி சொன்னா. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடயாது" என்பார். என்னைக் காப்பாற்றிவிட்டல்லவா போயிருக்கிறாய்!

கடிதத்தைப் படித்த அன்றே என் மனைவியிடம் சொன்னேன். "இனிமே அவங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? பாவம், விட்டுடுங்க" என்றாள். விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். நாலு நாள் கழித்து அந்த முடிவை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். அதில் உன் அம்மாவின் நிம்மதி கொஞ்சம் இருந்தது, என் நல்ல பெயர்தான் நிறைய இருந்தது.

நாகர்கோவிலுக்கு வெள்ளிக்கிழமை ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டுவேன். நான் அதைப் படிக்காமலே மறுத்ததையும் சொல்வேன். அழட்டும், திட்டட்டும். அவர் போகச் சொல்லும்வரை எழுந்து வர மாட்டேன்.

உன் கூடப் பிறக்காத அண்ணன்,
சேகர்