நீட்டிய கை

மார்ச் 4

குடலிறக்கத்தோடு ஒருவர் வந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு. எல்லோருக்கும் சல்யூட் அடிப்பதால் அதற்குள் வார்டில் 'கேப்டன்' ஆகிவிட்டார். ரத்தம் எடுக்க நான் ஊசியோடு போனதும் சல்யூட் போய் உதை வந்தது. என் கண்ணாடி பறந்தது. முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்களாம். கூட இருக்கும் அவருடைய அக்கா சொன்னார்.

மார்ச் 5

குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். ரத்தம் எடுக்காமல் ஆபரேஷன் கிடையாது. "நாளைக்கும் முடியலேன்னா கட்டிப் போட்டு எடுங்க" என்றார் பெரிய சிஸ்டர். கட்டினால் இந்த மனுஷன் இனி எந்த ஆஸ்பத்திரிப் படியாவது ஏறுவாரா?

மார்ச் 6

இதை எப்படி எழுதுவேன்!

காலையில் அவரிடமே கேட்டேன்: "ரத்தம் எடுக்கணும். கையக் குடுக்கிறீங்களா?" ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அதற்குள் எதிர்க் கட்டில்காரர் வாந்தி எடுக்க, அங்கே ஓடினேன். துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டுத் திரும்பினால் — கேப்டன் கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். சட்டைக் கையை அவரே மடித்துவிட்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாரோ!

மெய் சிலிர்த்துவிட்டது. பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது வந்து சேருமுன் நாம்தான் கிளம்பிவிடுகிறோம்.

ஊசி இறங்கியபோது என்னையே பார்த்தார். உதைக்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "எனக்கே தெரியாதே சிஸ்டர்... வீட்ல நாங்களே கேட்டு, பதிலையும் நாங்களே சொல்லிக்குவோம்." அழுதுவிட்டார். நானும்தான், பாத்ரூமில்.

மார்ச் 7

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்க மருந்துக்கு முன் "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு டாக்டரும் காத்திருந்தார், கையுறை போட்ட கைகளைத் தூக்கியபடி. கடைசியில் ஒரு சல்யூட் வந்தது. பெரிய சிஸ்டர் பதிலுக்கு அடித்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

மார்ச் 9

எட்டு மணி நேர வேலை. கால் விட்டுப்போகிறது. ஆனாலும் பெரிய சிஸ்டரின் சல்யூட்டை நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

மார்ச் 21

சாப்பிடவே மாட்டேன் என்கிறாள், வயிற்றுவலி போல, என்று ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். கேப்டனைப் போலத்தான் அவளும். பெரிய சிஸ்டர் குனிந்து, "எங்கடா கண்ணு வலிக்குது?" என்றார். அவளுடைய அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார், சிஸ்டர் கையமர்த்தினார். காத்திருந்தோம். சிஸ்டரின் செல்போன் அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

மெல்ல, மிக மெல்ல, சிறுமியின் விரல் எழுந்தது. வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, வாய்க்குள் போய் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டது.