வாலை நறுக்கினாலும் உடையாத எண்

மச்சான்,

இன்று மீன் கடையில் சீலா வாங்கினேன். கடைக்காரர் வாலிலிருந்து துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு வர, உன் எண் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். அவர் கத்தியை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, மீனப் பாத்தா சிரிக்கிய?" என்றார். அவருக்கு எங்கிருந்து விளக்குவது?

73939133. கணக்கில் தோற்று ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு அது மட்டும் மனப்பாடம். துறைமுகத்தில் நீ கிரேன் ஓட்டினாய். நான் கப்பலில் கண்டெய்னர்கள் ஆடாமல் கம்பி பூட்டினேன். ஒருநாள் தேநீர் நேரத்தில் அந்த எண்ணைச் சாக்பீஸால் தரையில் எழுதினாய். "ஏலே, இது பகா எண்ணு. எத்தன பேருக்குச் சமமாப் பங்கு வச்சாலும் மிச்சம் விழும். ஒருத்தனே முழுசா எடுத்தாத்தான் உண்டு" என்றாய். பிறகு கடைசி மூன்றைக் காலால் அழித்தாய். மீதியும் பகா எண்ணாம். அடுத்த மூன்றும் போயிற்று, அப்போதும் அப்படியே. இப்படி வாலிலிருந்து ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஏழு மட்டும் நின்றது. அதுவும் உடையாது. இந்தக் குணமுள்ள எண்களில் இதுதான் பெரியதாம். பின்னால் எதை ஒட்டினாலும் கெட்டுவிடுமாம்.

நான் விடுவேனா? 7393-ஐப் பதின்மூன்றால் வகுத்து, சரியாகப் போகிறது, வடை வாங்கித் தா என்றேன். நீ குனிந்து பார்த்தாய். "ஏலே, ஒம்போது மிச்சம் வருது. வடைக்கு முந்தி அதத் தின்னுட்டியா?"

நீ நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபின் ஒன்று நடந்தது. சர்க்கரை நோய் என் இடது கால் சுண்டுவிரலைக் கருக்கிவிட்டது. விரலை எடுத்த டாக்டர், புண் மேலே ஏறினால் பாதத்தையும் எடுக்க வேண்டிவரும் என்றார். பாதம் போனால் கண்டெய்னர்மேல் ஏறுவது ஏது? கட்டிலருகே மகள் அழுதாள். அப்பன்காரன் தைரியம் சொல்ல வேண்டுமே. தெரிந்த ஒரே படிப்பை எடுத்துவிட்டேன். வாலிலிருந்து எவ்வளவு போனாலும் மிஞ்சுவது உடையாது என்று உன் எண்ணைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்போனில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள்.

"நெசந்தான்ப்பா. ஆனா நீங்க நம்பர் இல்லியே. கால ஒழுங்காப் பாத்துக்கிடுங்க."

அன்றோடு உடன்குடிக் கருப்பட்டியைக்கூட விட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். மருந்து வைத்துக் கட்டும்போதெல்லாம் கர்த்தரையும் கூப்பிட்டேன், உன் எண்ணையும் முணுமுணுத்தேன். எது கேட்டதோ தெரியாது.

இன்று காலை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, இனி வெட்ட வேண்டியதில்லை என்றார். மகள் மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. வரும் வழியில்தான் அந்த மீன் கடை.

இப்போது எனக்குக் கால்விரல் ஒன்பதுதான். ஒன்பது மூன்றால் உடையும். நீ இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லிக் காட்டியிருப்பாய். சொல்லிக்கொள் மச்சான். இரண்டு பாதங்களையும் ஊன்றித்தான் வீட்டுப் படியேறினேன்.