அப்பாவின் பெயரில் போன குப்பி

அன்பு மகன் சிபிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே மூவரும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொடங்கச் சொன்னேன், மணிக்கட்டில் கட்டுப்போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சுஜாதான் எழுதுகிறாள், ஆனால் சுகம் என்று சொல்ல மனம் வரவில்லை மக்களே. மூன்று வாரமாக நீ போன் எடுப்பதில்லை. கடைசியாக ஒரு வரி அனுப்பினாய், அப்பாவின் மரபணு என்னோடு ஒட்டவேயில்லை, எதையாவது மறைத்தீர்களா அம்மா என்று. இல்லை என்று பதில் போட்டேன், அதையும் நீ திறக்கவில்லை. ஆதி மனுஷர் எந்தக் கரை வழியாக நடந்து வந்தார்கள் என்று ஆராயத்தானே எங்கள் எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பச் சொன்னாய், என் நடத்தையை ஆராயவா? அப்பாவுக்கு இன்னும் தெரியாது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும், பையன் விளிச்சானா, ஏன் விளிக்கல என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடக்கிறார், நான் மீன்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறேன். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், நான் மறைத்தது

அண்ணா, இனி எழுதுவது சுஜா, அம்மா ஏன் நிறுத்தினாய் என்று முறைக்கிறாள். மறைத்தது நான்தான். அப்பா பெயர் எழுதி அனுப்பிய அந்தக் குப்பியில் இருந்தது அடுத்த வீட்டுக் கோலப்பன் மாமாவின் எச்சில். எச்சில் எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் வாயில் எதுவும் போடக்கூடாது என்றாய், வெற்றிலை இல்லாமல் அப்பா அரை நிமிஷம் இருந்ததுண்டா? கூரியர்க்காரர் வாசலில் ஹார்ன் அடிக்கிறார், மாமா பேப்பர் வாங்க வந்து நிற்கிறார். அறுபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே கூட்டம் என்று சொன்னது நீதானே, அதை நம்பி, எங்க அண்ணன் துப்புத் துலக்க ஒரு துப்பு துப்புங்க மாமா என்றேன். இதுக்குப் பரிசு வல்லதும் உண்டா மோளே என்று கேட்டபடி நிறைத்துத் தந்தார். இப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையையே ஓங்கினாள், சிரித்தாள், பிறகு அழுகிறாள். சிரிப்பதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை அண்ணா, மன்னித்துக்கொள்.

மறுபடி நான்தான், அம்மா. இவளை நான் பார்த்துக்கொள்கிறேன். குப்பி சொன்னதை நம்பினாய், என் பதிலைக் கேட்க நிற்கவில்லை, அதுதான் மக்களே இன்னும் ஆறவில்லை. சரி, கம்பளி போடு, பட்டினி கிடக்காதே. இது கிடைத்ததும் முதலில் அப்பாவை விளி, நடந்தது எதையும் அவரிடம் பேசாதே, சாப்பிட்டீங்களா அப்பா என்று மட்டும் கேள். அழுவதானால் அதற்கு அப்புறம் என்னை விளி.

கர்த்தர் உன்னை நடத்துவார்.

உன் அம்மா,
ஞானபாய்