சம்பந்திக்கு வைத்த இறால்

மடுல்சீமை,
21.9.1978

அன்புள்ள தங்கச்சி பாக்கியலெட்சுமிக்கு அண்ணன் பொன்னையா எழுதுவது. நீ, மச்சான், பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது.

இங்கே மழை விட்டபாடில்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவு. அதை விடு. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை, என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பன் சின்னராசா உங்கள் தெமோதரைக்குத் திரும்பி வந்து எப்படிச் சொன்னாரோ, என் பக்கத்தையும் கேள். அவர் மட்டக்களப்பில் ரயில் பாதை வேலை செய்தவர், இறால் என்றால் உயிரை விடுவார் என்று எழுதியது நீதான். அதனால்தான் பேசி முடிக்கிற நாளில் அவரைப் பதுளைக்கு வரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பாரில் உட்கார வைத்தேன். முதல் நாள் போயா, பௌர்ணமி லீவு, மீன் லொறி வந்திருக்காது. அது என் மண்டையில் ஏறவில்லை.

சாராயத்தைக் குறை சொல்ல முடியாது. இறால் வந்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சமையல்காரன் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டு மறைத்திருந்தான். வாயில் வைத்தால் மாவாய்க் கரைகிறது. சின்னராசாவோ முகம் சுளிக்காமல் தின்றுகொண்டே இருந்தார். எனக்காக ஒரு மனுசன் நாறல் இறாலை விழுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பரிமாறினவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நேத்து போயா. ஒங்களுக்காக கடலு மலையேறி வருமா?” என்று சிரித்தான். தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். குழம்பு சின்னராசாவின் வெள்ளைச் சட்டையில் தெறித்துவிட்டது. வேண்டுமென்றா செய்தேன்?

“பரவால்லைங்க, விடுங்க” என்றுதான் சொன்னார். ஆனால் பாருக்குள் நுழையும்போது “வாங்க சம்பந்தி” என்று என் கையைப் பிடித்தவர், பஸ் ஏறும்போது, தோட்டத்தில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் கூப்பிடுகிற மாதிரி “வர்றேங்க கங்காணி” என்றார். நாலு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

விஷயம் தெரிந்ததிலிருந்து மகள் ஜெயலெட்சுமி என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். அந்தப் பையன்மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

நீ ஒரு நடை அவர்கள் லயத்து வீட்டுக்குப் போய்வா, தங்கச்சி. நான் வந்தால் மறுபடியும் ஏதாவது பேசித் தொலைப்பேன். பாரில் நடந்ததற்கு நியாயம் பேச வேண்டாம், அவர்கள் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள். கோபக்காரன் வீட்டுப் பெண்ணை எப்படி எடுப்பது என்று கேட்டால் மட்டும் வாயைத் திற. பிள்ளை என்னைப் போல இல்லை, செத்துப்போன அவள் அம்மாவைப் போல என்று சொல்.

மாரியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உன் அண்ணன்,
பொன்னையா