உப்பு வணிகர்களின் தண்டனை

மல்வேர்ன், கனடா
வியாழன் மாலை

அன்புள்ள அண்ணை,

என் மகள் ஷாமிலா சீனாவுக்குப் போய்வந்து ஒரு பழைய கட்டடத்தின் படங்களைக் காட்டினாள். வேறு மாகாணத்திலிருந்து சிச்சுவானுக்குப் பிழைக்கப் போன உப்பு வணிகர்கள் தங்கள் ஊராருக்கென்று கட்டிய சங்க மண்டபம் அது. வாசலுக்கு மேலேயே நாடக மேடை. அப்படியான சங்கங்களில் விதி மீறியவன் தன் செலவில் ஒரு நாடகம் போட்டு, எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டுமாம். அதோடு பிணக்கு முடிந்துவிடும்.

“உங்கட ஊர்ச்சங்கம் மாதிரித்தானே, அப்பா?” என்றாள்.

ஸ்காபரோவில் கூத்துப் போட நினைத்து, ராசா வேடம் யாருக்கு என்ற சண்டையில் சங்கத்தையே இரண்டாக்கினோம். ஒன்றுக்கு நீங்கள் தலைவர், மற்றதுக்கு நான். கூத்து மட்டும் மேடையேறவேயில்லை.

ஷாமிலாவின் அம்மாவை அடக்கம் செய்த அன்று, மாதா கோயிலுக்கு வெளியே பனிக்குள் உங்கள் கார் நின்றது. “பெரியப்பா காருக்குள்ளேயே இருக்கிறார், கூப்பிடுங்கோ அப்பா” என்றாள் மகள். நான் பெட்டியருகிலேயே நின்றேன். பிறகு வெளியே பார்த்தபோது கார் இல்லை.

பிழை யாருடையது என்பதைச் சாப்பிட்ட பிறகு பேசிக்கொள்ளலாம். தண்டனையை நான் எடுத்துக்கொள்கிறேன். உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் என் செலவில் கூத்தும் விருந்தும். ராசா நீங்கள். ராசா வருகிறார் என்று பாடி அழைக்கும் கட்டியகாரன் நான்.

இந்த முறை காருக்குள் இருந்துவிடாதீர்கள். ராசா உள்ளே வரும்வரை கட்டியகாரன் பாடிக்கொண்டே நிற்க வேண்டும். எனக்கு இப்போது அவ்வளவு மூச்சு இல்லை.

இப்படிக்கு,
மற்றச் சங்கத்துக்காரன்