தட்டில் போட்ட தாளம்

என்னங்க,

சாப்பிட்டதும் கரண்டியால் தட்டில் தாளம் போடும் பழக்கத்தை நீர்மூழ்கிக் கப்பலிலும் விடவில்லையா?

சும்மாதான் கேட்கிறேன். திங்கட்கிழமை மதியம் கரையோரக் கண்காணிப்பு நிலையத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். கடலடியில் ஒரு நீர்மூழ்கியின் எஞ்சின் சத்தம் கேட்டது. நடுநடுவே அதே தாளம்.

“நம்ம கப்பலா, எதிரி கப்பலா? சீக்கிரம் சொல்லும்மா” என்றார் அதிகாரி.

“நம்மதுதான் சார்.”

குண்டு வீசக் கிளம்பிய படகைத் திருப்பி அழைத்துவிட்டார்கள்.

மறுநாள் துறைமுக வாசலில் நம் சரக்குக் கப்பல் ஒன்றை யாரோ மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டில் தாளம் போடுகிறவர்கள் உலகத்தில் வேறு யாருமே இல்லையா? ஆனால் அது உங்கள் தாளமேதான். இல்லையா?

அன்று தட்டியது நீங்கள்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பாம்புக் காதுக்காரி என்று நீங்கள் கேலி செய்கிறவள்